உயிர்த்திரள் சுத்திகரிப்பின் சுற்றுச்சூழல் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாவரத்திலிருந்து எரிபொருளும் பிளாஸ்டிக்கும் ரசாயனமும் எடுக்கும் ஆலைகளைப் பற்றிய அறிக்கை எதைப் புரட்டினாலும் "உமிழ்வு இத்தனை சதவீதம் குறைவு" என்று ஒரு வரி இருக்கும். அந்த எண் எப்படி வந்தது, எதுவரை நம்பலாம் என்று மாணவர்களும் ஆலைப் பொறியாளர்களும் கொள்கை வகுப்பவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எந்தக் கேள்வியில் முடிவே தலைகீழாக மாறுகிறதோ, அங்கே பதில் நீளமாக இருக்கும். மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லியிருக்கிறேன்.

உயிர்த்திரள் சுத்திகரிப்பு என்று எதைச் சொல்கிறோம்?

மரம், வைக்கோல், கரும்புச் சக்கை, மக்காச்சோளம், எண்ணெய் வித்து, பாசி, சாணம் என்று உயிரினங்களிலிருந்து கிடைக்கும் பொருள்கள் எல்லாமே உயிர்த்திரள்தான். பயோமாஸ் என்றே பலரும் சொல்கிறார்கள். அதைப் பிரித்தும் புளிக்கவைத்தும் சூடாக்கியும் எரிபொருள், மின்சாரம், கால்நடைத் தீவனம், பிளாஸ்டிக்குக்கான மூலப்பொருள் எனப் பலவாக மாற்றும் ஆலையே உயிர்த்திரள் சுத்திகரிப்பு ஆலை. ஒரே மூலப்பொருளிலிருந்து பல விளைபொருள் வருவதுதான் இந்தத் தொழிலின் பலம். சுற்றுச்சூழல் கணக்குப் போடுபவருக்குப் பெரிய தலைவலியும் அதுவே.

வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்பது என்ன?

ஒரு பொருள் பிறப்பதிலிருந்து அழிவது வரை நிலம், நீர், காற்று ஆகியவற்றின் மீது ஏற்படுத்தும் பாதிப்பை ஒரே கணக்குக்குள் கொண்டுவரும் முறை. எல்.சி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ. 2006-இல் வெளியிட்ட 14040, 14044 என்ற இரண்டு தரநிலைகள் இதற்கு அடிப்படை. முதலில் நோக்கத்தையும் எல்லையையும் வரையறுக்க வேண்டும். அடுத்து, அந்த எல்லைக்குள் என்னென்ன போகிறது, என்னென்ன வெளியே வருகிறது என்ற பட்டியல். மூன்றாவதாக, அந்தப் பட்டியலைப் புவி வெப்பமாதல், அமிலமாதல், நீர்ப் பற்றாக்குறை போன்ற பாதிப்புகளாக மாற்றுவது. கடைசியில் முடிவுகளை அலசுவது. அலசும்போது எல்லை தவறு என்று தெரிந்தால் முதல் படிக்கே திரும்ப வேண்டியிருக்கும். உண்மையில் நடக்கும் ஆய்வுகள் இப்படித்தான் முன்னும் பின்னும் போய்வரும்.

தாவரம் உறிஞ்சிய கரியமில வாயுதானே எரிக்கும்போது திரும்ப வெளியேறுகிறது? அப்படியென்றால் உமிழ்வு சுழியம்தானே?

புகைபோக்கியை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஓராண்டுப் பயிருக்கு அந்த வாதம் பெரும்பாலும் செல்லும், இந்தப் பருவத்தில் வெளியேறியதை அடுத்த பருவத்துப் பயிர் உறிஞ்சிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நெறியாணையும் உயிரி எரிபொருள் எரியும்போது வரும் கரியமில வாயுவைச் சுழியமாகவே எடுத்துக்கொள்கிறது.

ஆனால் பயிரை வளர்க்க உரம் வேண்டும், டிராக்டருக்கு டீசல் வேண்டும், ஆலைக்கு நீராவியும் மின்சாரமும் ரசாயனமும் வேண்டும். இவற்றில் பெரும்பகுதி இன்னமும் நிலக்கரியிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும்தான் வருகிறது. எரியும் கார்பன் சுழியம் என்பதால் எரிபொருளே சுழியம் ஆகிவிடாது.

மரம் என்று வந்தால் காலமும் சேர்ந்துகொள்கிறது. 50 ஆண்டு வளர்ந்த மரத்தை இன்று எரித்தால் அதன் கார்பன் இன்றே காற்றில் கலந்துவிடும். அதே அளவு கார்பன் திரும்ப மரமாவதற்கு இன்னும் 50 ஆண்டு ஆகும். இடைப்பட்ட காலம் முழுக்க அது வெப்பத்தைப் பிடித்துவைத்துக்கொண்டுதான் இருக்கும். இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த மரத்தை ஆலைக்குக் கொண்டுவராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேலும் வளர்ந்திருக்குமா, பூச்சி தாக்கிச் செத்து மட்கியிருக்குமா, எப்படியும் அறுவை ஆலைக்குப் போயிருக்குமா? மூன்றுக்கும் மூன்று விடை. "இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும்" என்ற இந்தக் கேள்வி வைக்கோலிலும் சாணத்திலும் நிலத்திலும் மின்சாரத்திலும் மறுபடி மறுபடி வரும். அதற்கு வெளிப்படையாகப் பதில் சொல்லாத ஆய்வை நான் நம்புவதில்லை.

கணக்கின் எல்லையை எங்கே போடுவது?

வயலில் தொடங்கி ஆலை வாசலோடு நிறுத்தலாம், பொருள் பயன்பட்டு அழியும்வரையும் போகலாம். இரண்டும் முறையானவைதான். முதல் வகைக் கணக்கின் எண்ணை இரண்டாம் வகை முடிவுபோலப் பேசும்போதுதான் தவறு நேர்கிறது.

எத்தனாலிலிருந்து செய்யும் பாலிஎத்திலீனை எடுத்துக்கொள்வோம். வேதியியல் அமைப்பில் அது பெட்ரோலிய பாலிஎத்திலீனேதான், எந்த வேறுபாடும் கிடையாது. 1 கிலோவில் 0.857 கிலோ கார்பன் இருக்கிறது. கரியமில வாயுவாகச் சொன்னால் 3.14 கிலோ. அவ்வளவையும் பயிர் காற்றிலிருந்து எடுத்தது என்பதால் ஆலை வாசல்வரை போடும் கணக்கில் −3.14 கிலோ என்று வரவு வைப்பார்கள். வளர்ப்புக்கும் உற்பத்திக்கும் 2 கிலோ செலவானது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் −1.14. "இந்தப் பிளாஸ்டிக் காற்றைச் சுத்தம் செய்கிறது" என்று விளம்பரம் செய்துவிடலாம். பயன்பாடு முடிந்து அது எரியுலைக்குப் போனால் அந்த 3.14 கிலோவும் அப்படியே வெளியே வந்துவிடும். முழுக் கணக்கு +2 கிலோ. பெட்ரோலியப் பிளாஸ்டிக்கோடு ஒப்பிட்டால் அப்போதும் இது குறைவாக இருக்கலாம். ஆனால் எதிர்மறை எண் என்பது மறைந்துவிட்டது. ஆகவே ஆலை வாசலோடு நிற்கும் எந்த எண்ணைப் பார்த்தாலும், உள்ளே பிடித்துவைத்த கார்பனை வரவு வைத்திருக்கிறார்களா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

ஆலைக் கட்டடம், இயந்திரங்கள், லாரிகள் செய்ததற்கான உமிழ்வையும் சேர்க்க வேண்டுமா?

ஆலை பல பத்தாண்டுகள் ஓடி லட்சக்கணக்கான டன் உற்பத்தி செய்வதால், எரிபொருள் ஆலைகளில் இதன் பங்கு பொதுவாகச் சிறியது. விட்டுவிட்டால் விட்டதாக எழுத வேண்டும்.

எதை அலகாக வைத்து ஒப்பிடுவது?

இதைச் செயல்பாட்டு அலகு என்பார்கள். பொருள் செய்யும் வேலையே அலகாக இருக்க வேண்டும். ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21 மெகா ஜூல் ஆற்றல்தான் உண்டு, ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32. லிட்டருக்கு லிட்டர் ஒப்பிட்டால் எத்தனாலுக்குச் சலுகை கொடுத்ததாகிவிடும். ஒரு மெகா ஜூலுக்கு அல்லது வண்டி ஓடும் ஒரு கிலோமீட்டருக்கு ஒப்பிடுவதே நியாயம்.

நிலம் குறைவாக இருக்கும் இடத்தில் ஒரு ஹெக்டேருக்கு எவ்வளவு உமிழ்வு தவிர்க்கப்படுகிறது என்று கேட்பதுதான் பொருத்தம். மூலப்பொருள் குறைவு என்றால் ஒரு டன் வைக்கோலை எதற்குப் பயன்படுத்தினால் அதிக நன்மை என்று கேட்க வேண்டும். கேள்வி மாறினால் வரிசையும் மாறிவிடும். மெகா ஜூல் கணக்கில் முதலிடம் பிடிக்கும் எரிபொருள் ஹெக்டேர் கணக்கில் பின்தங்குவது சாதாரணமாக நடப்பதுதான்.

குறைவு என்கிறார்களே, எதைவிடக் குறைவு?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 நெறியாணை புதைபடிவ எரிபொருளுக்கு மெகா ஜூலுக்கு 83.8 கிராம் கரியமில வாயுவுக்கு இணையான உமிழ்வு (மற்ற வாயுக்களையும் அவற்றின் வெப்பமூட்டும் திறனுக்கு ஏற்பக் கரியமில வாயுவாக மாற்றிக் கூட்டியது) என்று வைத்தது. 2018-இல் வந்த திருத்திய நெறியாணை, போக்குவரத்து எரிபொருளுக்கு அதை 94 கிராமாக உயர்த்தியது. உயிரி எரிபொருளில் ஒரு துளிகூட மாறாமலே அதன் சேமிப்புச் சதவீதம் கூடிவிட்டது. 40 கிராம் உமிழும் எரிபொருள் பழைய அளவுகோலில் 52 சதவீதம் சேமிக்கிறது, புதியதில் 57 சதவீதம். 2021 முதல் இயங்கத் தொடங்கிய ஆலைகளுக்கு அங்கே 65 சதவீதச் சேமிப்பு கட்டாயம்.

இனி இந்தப் பக்கத்தில் "கிராம்" என்று மட்டும் சொன்னால், மெகா ஜூலுக்கு இத்தனை கிராம் கரியமில வாயுவுக்கு இணையான உமிழ்வு என்று எடுத்துக்கொள்ளுங்கள். 94 என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்வரும் எண்கள் பெரியவையா சிறியவையா என்று எளிதில் விளங்கும்.

வயலில் எது அதிகம் பாதிக்கிறது? டிராக்டர் டீசலா?

நைட்ரஜன் உரம்தான். இரண்டு வழியில் பாதிக்கிறது. உரத்துக்கான அமோனியாவை இயற்கை எரிவாயுவையோ நிலக்கரியையோ கொண்டு தயாரிக்கிறார்கள், அங்கேயே கணிசமான கரியமில வாயு வெளியேறிவிடும். வயலில் போட்ட பிறகு, மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அந்த நைட்ரஜனில் ஒரு சிறு பங்கை நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றுகின்றன. 100 ஆண்டுக் கணக்கில் அந்த வாயுவின் வெப்பமூட்டும் திறன் கரியமில வாயுவைப் போல 273 மடங்கு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேரில் 10 டன் மக்காச்சோளம் விளைகிறது, 150 கிலோ நைட்ரஜன் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். டன்னுக்கு 400 லிட்டர் வீதம் 4,000 லிட்டர் எத்தனால், அதாவது சுமார் 84,800 மெகா ஜூல். காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு, ஐ.பி.சி.சி., 2006-இல் தந்த வழிகாட்டலின்படி, போட்ட நைட்ரஜனில் 1 சதவீதம் வயலிலிருந்து நேரடியாக நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது. அது 1.5 கிலோ நைட்ரஜன், வாயுவின் எடையில் 2.36 கிலோ. 273-ஆல் பெருக்கினால் 643 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். மெகா ஜூலுக்குப் பகிர்ந்தால் 7.6 கிராம். துணைப்பொருளான தீவனத்துக்குப் பங்கு பிரிப்பதற்கு முந்தைய எண் இது.

இந்த 1 சதவீதம் உறுதியானதா? ஈரமான களிமண்ணில் கூடும், வறண்ட மண்ணில் குறையும். உரம் போட்ட மறுநாள் பெருமழை பெய்தால் எகிறும். வேதியியல் நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல், ஆறு, கடல்வரை போய்ச் சேரும் மறைமுக உமிழ்வையும் சேர்த்தால் புதிதாக நிலைநிறுத்தப்பட்ட நைட்ரஜனில் 3 முதல் 5 சதவீதம்வரை நைட்ரஸ் ஆக்சைடு ஆகிறது என்று கணித்தார்கள். மேலே போட்ட கணக்கில் 4 சதவீதத்தை வைத்தால் 7.6 கிராம் 30 கிராம் ஆகிவிடும். ஒரு சதவீத எண்ணின் தேர்வு மட்டுமே 94-இல் கால்பங்கை நகர்த்துகிறது. ஆலைக்குள் இரண்டு சதவீத மின்சாரத்தை மிச்சப்படுத்தப் படாதபாடு படுபவர்கள் வயலில் உரத்தை எப்போது, எப்படிப் போடுகிறார்கள் என்று பார்க்காமல் விடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மூலப்பொருளைத் தூரத்திலிருந்து லாரியில் கொண்டுவருவது பெரிய உமிழ்வு இல்லையா?

பார்வைக்குப் பெரிதாகத் தெரியும். பெரும்பாலான ஆய்வுகளில் உரம், ஆலைச் சூடு, நிலம் ஆகியவற்றுக்குப் பின்னால்தான் போக்குவரத்து வருகிறது. வைக்கோல்போல எடையற்றுப் பருத்த பொருளையும், பாதிக்குப் பாதி ஈரமாக இருக்கும் சக்கையையும் வெகுதூரம் ஏற்றிச் சென்றால் மட்டும் கவனிக்க வேண்டும்.

ஆலைக்குள் ஆற்றல் எங்கே செலவாகிறது?

எத்தனால் ஆலையில் தண்ணீரை விரட்டுவதில். புளித்து முடிந்த நொதிநீரில் எத்தனால் பத்துப் பதினைந்து சதவீதம்தான். மீதி பெரும்பாலும் தண்ணீர். அதை வடித்தெடுக்க நீராவி வேண்டும். எடையில் சுமார் 95.6 சதவீதம் வந்ததும் சாதாரண வடிப்பு நின்றுவிடும். எஞ்சிய தண்ணீரை மூலக்கூறு சல்லடை போன்ற முறைகளால் எடுக்க வேண்டும். அந்த நீராவியை நிலக்கரியில் காய்ச்சுகிறார்களா, எரிவாயுவிலா, சக்கையிலா என்பதில் ஆலையின் எண் பெருமளவு தீர்மானமாகிவிடும்.

வைக்கோல், மரத்துண்டு போன்ற நார்ப்பொருளை எடுக்கும் இரண்டாம் தலைமுறை ஆலைகளின் கதை வேறு. நாரில் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ் என்ற சர்க்கரைச் சங்கிலிகளும், அவற்றைப் பிணைத்து இறுக்கும் லிக்னினும் பின்னிப்பிணைந்து கிடப்பதால் முதலில் அமிலத்தாலோ நீராவி வெடிப்பாலோ காரத்தாலோ தளர்த்த வேண்டும். பிறகு நொதிகள் செல்லுலோஸைச் சர்க்கரையாக வெட்டும். எஞ்சும் லிக்னினை எரித்தே நீராவி எடுத்துக்கொள்ளலாம் என்பது இவற்றின் பெரிய வசதி. ஆனால் நொதியைச் சும்மா விட்டுவிடக் கூடாது. அதை வளர்க்கும் தொட்டிகளுக்கு ஓயாமல் காற்று செலுத்த வேண்டும், நுண்ணுயிருக்குச் சர்க்கரை ஊட்ட வேண்டும். நொதியை வெளியே வாங்கும் ஆலை, "நொதி, இத்தனை கிலோ" என்று ஒரு வரியில் முடித்துவிட்டு அதன் பின்னாலுள்ள மின்சாரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் முடிவு அழகாகத்தான் இருக்கும். சோடியம் ஹைட்ராக்சைடும் அப்படித்தான், உப்பு நீரை மின்சாரத்தால் பிரித்துத் தயாரிக்கப்படுவது அது.

வைக்கோல் கழிவுதானே? அதற்கு ஏன் சுமை ஏற்ற வேண்டும்?

ஐரோப்பிய விதியும் உங்கள் பக்கம்தான். வைக்கோல், உமி, சக்கை போன்றவற்றைச் சேகரிக்கும் இடம்வரை அவற்றின் உமிழ்வு சுழியம் என்கிறது. நிர்வாக வசதிக்கு அது சரி. மண்ணுக்கு அந்த விதி தெரியாது.

வயலில் கிடந்திருந்தால் வைக்கோல் என்ன செய்திருக்கும்? ஒரு பகுதி மட்கி மண்ணின் கார்பனாகியிருக்கும், அதிலுள்ள பொட்டாசியமும் நைட்ரஜனும் திரும்ப மண்ணுக்குப் போயிருக்கும், மழையில் மேல்மண் அரித்துப் போவதைத் தடுத்திருக்கும். ஒரு ஹெக்டேரிலிருந்து 3 டன் எடுப்பதால் ஆண்டுக்கு 100 கிலோ மண் கார்பன் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 367 கிலோ கரியமில வாயு. டன்னுக்கு 250 லிட்டர் எத்தனால் கிடைத்தால் மொத்தம் 15,900 மெகா ஜூல். பகிர்ந்தால் 23 கிராம். சுழியம் என்று தொடங்கிய பொருளுக்கு இந்தச் சுமை. இதுவே, வைக்கோலை எப்படியும் வயலில் வைத்துக் கொளுத்தியிருப்பார்கள் என்றால் நிலைமை வேறு. கொளுத்தினால் மண்ணுக்குப் போகும் கார்பனும் குறைவு, நுண்துகளும் மீத்தேனும் காற்றில் கலக்கும். அங்கே ஆலைக்கு எடுப்பது தெளிவான நன்மை. வைக்கோல் ஒன்றுதான். முன்பு அதற்கு என்ன ஆனது என்பதுதான் வேறு.

ஒரே பொருளைப் பற்றி இரண்டு ஆய்வுகள் எதிரெதிர் முடிவு சொல்கின்றனவே?

பெரும்பாலும் பங்கு பிரித்த விதம்தான் காரணம். சோயாவை ஆட்டினால் 100 கிலோவில் தோராயமாக 20 கிலோ எண்ணெய், 80 கிலோ புண்ணாக்கு. வயலிலும் ஆலையிலும் ஆன மொத்த உமிழ்வு 100 அலகு என்று வைப்போம். எடைப்படி பிரித்தால் எண்ணெய்க்கு 20 அலகு. ஆற்றல்படி பிரித்தால், எண்ணெய்க்குக் கிலோவுக்கு 37 மெகா ஜூல், புண்ணாக்குக்கு 17 என்ற கணக்கில் எண்ணெய்க்கு 35 அலகு. எண்ணெயின் விலை புண்ணாக்கைப்போல இரண்டரை மடங்கு என்றால் விலைப்படி 38 அலகு. அதே விதை, அதே இயந்திரம். முதல் முறையில் கணக்குப் போட்டவரின் பயோடீசல் மூன்றாம் முறையில் போட்டவருடையதைவிடப் பாதிக்குப் பாதி சுத்தமாகத் தெரியும்.

ஐ.எஸ்.ஓ. 14044 இதற்கு ஒரு வரிசை சொல்கிறது: முடிந்தவரை பங்கு பிரிப்பதையே தவிர்க்க வேண்டும். செயல்முறையைச் சிறு பகுதிகளாக உடைத்தோ, துணைப்பொருள் சந்தையில் எதை இடம்பெயர்க்கிறது என்று பார்த்து எல்லையை விரித்தோ தவிர்க்கலாம். முடியாவிட்டால் எடை, ஆற்றல் போன்ற இயற்பியல் உறவு. அதற்கும் பிறகுதான் விலை. ஐரோப்பிய எரிபொருள் விதியோ ஆற்றல்படிதான் பிரிக்கச் சொல்கிறது. எல்லோருக்கும் ஒரே விதி என்பதில் அதன் நியாயம் இருக்கிறது.

எல்லையை விரிக்கும் முறையிலும் அதே பழைய கேள்வி காத்திருக்கிறது. சக்கையை எரித்து, லிட்டர் எத்தனாலுக்கு 0.5 கிலோவாட் மணி மின்சாரம் மிஞ்சி மின்தொகுப்புக்குப் போகிறது என்போம். அது நிலக்கரி மின்சாரத்தை இடம்பெயர்த்தால், கிலோவாட் மணிக்கு ஏறத்தாழ 1 கிலோ வீதம், 23 கிராமுக்கு மேல் வரவு. காற்றாலை மின்சாரத்தை இடம்பெயர்த்தால் வரவு கிட்டத்தட்ட இல்லை. மின்தொகுப்பு ஆண்டுதோறும் தூய்மையாகிக்கொண்டே போனால், இன்று பெற்ற இந்த வரவு ஆலையின் ஆயுளுக்குள்ளேயே கரைந்துவிடும். 20 ஆண்டு ஓடப்போகும் ஆலைக்கு இன்றைய நிலக்கரியை வைத்து வரவு எழுதுவது சரியில்லை என்பதே என் கருத்து.

நிலப் பயன்பாட்டு மாற்றம் என்று பயமுறுத்துகிறார்களே, அது உண்மையா?

உண்மைதான். 2008-இல் சயன்ஸ் இதழில் வந்த இரண்டு ஆய்வுகள் இந்தத் துறையையே உலுக்கின. ஜோசப் ஃபார்ஜியோன் குழு, காட்டையும் புல்வெளியையும் அழித்துப் பயிரிட்டால் வெளியேறும் கார்பனை ஒரு கடனாகக் கணக்கிட்டது. பிரேசிலின் செர்ராடோ என்னும் புல்வெளிக் காட்டு நிலத்தில் கரும்பு எத்தனாலுக்கு அந்தக் கடனை அடைக்க சுமார் 17 ஆண்டு. இந்தோனேசியா, மலேசியாவின் கரிச்சதுப்புக் காட்டை வடித்து எண்ணெய்ப் பனை போட்டால் சுமார் 423 ஆண்டு. இது நேரடி மாற்றம். எந்த நிலம் என்று காட்ட முடியும், தடுக்கவும் முடியும்.

திமோதி சர்ச்சிங்கர் குழுவின் ஆய்வு மறைமுக மாற்றத்தைப் பற்றியது. ஏற்கெனவே பயிரிடும் நிலத்தின் மக்காச்சோளம் எரிபொருளுக்குப் போனால், தீவனத்துக்கான தேவை வேறெங்கோ புதிய நிலத்தைத் திறக்கும். அப்படிப் பார்த்தபோது அமெரிக்க மக்காச்சோள எத்தனாலுக்கு 30 ஆண்டுக் கணக்கில் மெகா ஜூலுக்கு 104 கிராம் நிலச் சுமை வந்தது. 94 என்ற முழு அளவுகோலையே தாண்டிய எண். அடுத்த ஆண்டு கலிஃபோர்னியா தன் எரிபொருள் விதிக்கு 30 கிராம் என்று எடுத்தது. 2015-இல் அதையே 19.8 ஆக்கியது.

104, 30, 19.8. இவ்வளவு வித்தியாசம் இருப்பதால் மறைமுக மாற்றத்தையே கணக்கில் எடுக்கக் கூடாது என்று சிலர் வாதிடுகிறார்கள். நான் ஏற்பதில்லை. எண் உறுதியில்லை என்பதற்காகச் சுழியம் என்று எழுதினால், நமக்கு நன்றாகத் தெரிந்த தவறான ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறோம். வீச்சாகக் கொடுக்க வேண்டும். உணவுப் பயிரும் விளைநிலமும் தேவைப்படாத மூலப்பொருளை முன்னால் நிறுத்த வேண்டும்.

சில அறிக்கைகளில் உமிழ்வு எதிர்மறையாக வருகிறதே, அது எப்படி?

கார்பன் உண்மையிலேயே நிலத்தடியில் சேமிக்கப்பட்டிருக்கலாம். புளிக்கும் தொட்டியிலிருந்து வரும் கரியமில வாயு மிகத் தூய்மையானது என்பதால் பிடித்து அடைப்பது ஒப்பீட்டளவில் சுலபம். அல்லது, தவிர்த்த உமிழ்வை வரவு வைத்திருக்கலாம். திறந்த குட்டையில் கிடந்திருந்தால் மீத்தேன் விட்டிருக்கும் சாணத்தை மூடிய கலனில் போட்டு எரிவாயு எடுத்தால், ஐரோப்பிய விதி சாணத்தின் ஒவ்வொரு மெகா ஜூலுக்கும் 45 கிராம் வரவு தருகிறது. முதலாவது காற்றிலிருந்து கார்பனை எடுப்பது, இரண்டாவது ஒரு கெட்ட வழக்கத்தை நிறுத்துவது. எல்லோரும் குட்டையை மூடியாக வேண்டும் என்று நாளை சட்டம் வந்தால் இரண்டாவது வரவு போய்விடும்.

சாண எரிவாயுவில் கசிவையும் பாருங்கள். 1 மெகா ஜூல் மீத்தேன் என்பது 20 கிராம் எடை. அதில் 5 சதவீதம், அதாவது ஒரே ஒரு கிராம் கசிந்தால், 100 ஆண்டுக் கணக்கில் 27 கிராம் சேர்ந்துவிடும். 20 ஆண்டுக் கணக்கில் அது 80 கிராம் அளவுக்குப் போகும். கசிவை அளக்காமல் பாடப்புத்தக எண்ணைப் போட்டிருந்தால் அந்த அறிக்கையை அப்படியே ஏற்க வேண்டாம்.

புவி வெப்பமாதல் மட்டும்தானா கணக்கு?

இல்லை. ஆனால் பெரும்பாலான ஆய்வுகள் அதோடு நின்றுவிடுகின்றன. பயிரிலிருந்து வரும் எரிபொருள்களில் வெப்பமாதல் குறைந்து, நீர்நிலைகளில் ஊட்டச்சத்து மிகுதலும் அமிலமாதலும் நிலப் பயன்பாடும் கூடுவது மீண்டும் மீண்டும் காணப்படும் ஒன்று. காரணம் எளியது: பெட்ரோலியக் கிணற்றுக்கு யாரும் உரம் போடுவதில்லை. வயலிலிருந்து ஓடும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏரியிலும் கடலோரத்திலும் பாசியைப் பெருக்குகின்றன. அந்தப் பாசி செத்து அழுகும்போது தண்ணீரின் ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் சாகின்றன.

ரெசிபி 2016 என்ற முறை 18 பாதிப்பு வகைகளைப் பார்க்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருள் சுற்றுச்சூழல் தடம் 16 வகைகளை. இவற்றை எடை போட்டு ஒரே மதிப்பெண்ணாகச் சுருக்குவதற்கு அறிவியல் அடிப்படை கிடையாது, அது விழுமியத் தேர்வு. அதனால்தான் பொதுவெளியில் ஒரு பொருளைவிட இன்னொன்று மேல் என்று அறிவிக்கும் ஆய்வில் அப்படிச் சுருக்கக் கூடாது என்று ஐ.எஸ்.ஓ. 14044 தடை போடுகிறது. அத்தகைய ஆய்வை வெளியார் குழு ஒன்று சரிபார்த்திருக்கவும் வேண்டும்.

தண்ணீரை லிட்டரில் மட்டும் கூட்டுவது போதாது. வற்றிய ஆற்றுப்படுகையில் எடுக்கும் ஒரு லிட்டரும் நீர் வளமான இடத்தில் எடுக்கும் ஒரு லிட்டரும் சமமில்லை. பல்லுயிர் இழப்பை இந்த முறைகள் இன்னும் கரடுமுரடாகத்தான் பிடிக்கின்றன.

ஆய்வகத்தில் மட்டும் நடக்கும் புதிய முறைக்கு இந்த மதிப்பீடு செய்யலாமா?

செய்யலாம். வடிவமைப்பை மாற்ற இன்னும் வாய்ப்பு இருக்கும்போதே செய்வதுதான் பயன். ஆனால் ஆய்வகக் குடுவையின் எண்ணை அப்படியே டன்னுக்குப் பெருக்கக் கூடாது. சிறு குடுவையில் சூடு வீணாகும், கரைப்பானைக் கொட்டிவிடுவார்கள். அதனால் ஆய்வக எண் பொதுவாக மோசமாக இருக்கும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: ஆலையில் கரைப்பான் முழுவதையும் மீட்டுவிடுவோம் என்று எழுதிக்கொள்வது. மீட்பு 99 சதவீதமா 95 சதவீதமா என்பது ஐந்து மடங்கு இழப்பு வித்தியாசம். இரண்டுக்கும் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

முடிவு எவ்வளவு உறுதியானது என்று எப்படித் தெரியும்?

ஒற்றை எண்ணாக இருந்தால் தெரியாது. முக்கியமான ஒவ்வோர் உள்ளீட்டையும் கூட்டிக் குறைத்துப் பார்த்திருக்க வேண்டும். உள்ளீடுகளை ஒவ்வொரு தடவையும் தற்செயலாக மாற்றிப் போடும் மான்டி கார்லோ முறையில் ஆயிரக்கணக்கான தடவை ஓட்டி வீச்சு தந்திருந்தால் நல்லது. ஆனால் அந்த வீச்சு எண்களின் ஐயத்தைத்தான் காட்டும். பங்கு பிரித்த முறை, எல்லை, ஒப்பிட்ட பொருள் போன்ற தேர்வுகளின் ஐயத்தைத் தனியாக, ஒவ்வொரு தேர்வையும் மாற்றி ஓட்டித்தான் காட்ட முடியும்.

நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். எங்கே தொடங்குவது?

கருவிகள் இருக்கின்றன. ஓப்பன்எல்சிஏ இலவச மென்பொருள். அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகம் உருவாக்கிய கிரீட் மாதிரியும் இலவசம், எரிபொருள்களுக்கென்றே செய்தது. ஈகோஇன்வென்ட் தரவுத்தளம் விரிவானது, உரிமம் வாங்க வேண்டும்.

மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் எடைச் சமன்பாடும் கார்பன் சமன்பாடும் எழுதிவிடுங்கள். குளுக்கோஸ் புளிப்பதை எடுத்துக்கொண்டால், 180 கிலோவிலிருந்து அதிகபட்சம் 92 கிலோ எத்தனாலும் 88 கிலோ கரியமில வாயுவும் வரும். கார்பனில் பார்த்தால் உள்ளே 72 கிலோ. எத்தனாலில் 48, வாயுவில் 24. இந்த 51 சதவீத வரம்பைத் தாண்டிய விளைச்சலை எங்காவது கண்டால் தரவில் பிழை இருக்கிறது என்று அர்த்தம். இதேபோல ஆலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுதி, உள்ளே போன கார்பனும் வெளியே வந்த கார்பனும் ஒத்துப்போன பிறகு அந்த அட்டவணையை மென்பொருளில் ஏற்றுங்கள்.